ஆஞ்சியோ நார்மல்னு சொல்லிட்டாங்க, நெஞ்சுவலி மட்டும் போகல

அன்னைக்கு ராத்திரி ஒம்பதே கால் இருக்கும். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிட்டு கிண்ணத்தக் கழுவிக்கிட்டு இருந்தேன், பைண்டிங் செக்ஷன்லேருந்து போன். "மேடம், டெய்லி காலண்டர்ல ஏப்ரல் மாசம் பூரா செவ்வாய்க்கிழமை ராகு காலமும் புதன்கிழமை ராகு காலமும் மாறிக் கெடக்கு, 1,800 கட்டு பின் அடிச்சு முடிச்சாச்சு"ன்னான் அந்தப் பையன். ப்ரூஃப்ல கையெழுத்து என்னோடது. செவ்வாய் மூணுலேருந்து நாலரை, புதன் பன்னெண்டுலேருந்து ஒன்றரை, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், 27 வருஷமா சிவகாசில ஆஃப்செட் பிரஸ்ல ஆர்டர் செக்ஷன்ல இருக்கேன், அதப் போய் எப்படி விட்டேன்னே தெரியல. கார்த்திகை மாசம், சீசன் உச்சத்துல இருக்கு, ஆடிப் பதினெட்டுக்கு காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டதுலேருந்து ஓடுற ஓட்டம் அது, அடுத்த நாள் காலைல லோடு ஏறணும்.

போன கீழ வைக்குறதுக்குள்ள நெஞ்சுக்கு நடுவுல அம்மிக்குழவியத் தூக்கி வச்ச மாதிரி ஒரு கனம். குத்தல் இல்ல, சுருக்குன்னு இல்ல, கனம். அப்பறம் கீழ்த்தாடை இழுத்துச்சு, கடவாப்பல்லு வலிக்குற மாதிரி. முதுகு சில்லுன்னு வேர்த்துருச்சு. வீட்டுக்காரரு கேஸா இருக்கும்னு ஜெலுசில் குடுத்தாரு, நானும் ஓமத்தண்ணி குடிச்சேன், ஒரு இருபது இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு தானா கொறஞ்சுச்சு. கொறஞ்ச ஒடனே நான் என்ன பண்ணுனேன் தெரியுமா, போன எடுத்து பைண்டிங்குக்கு மறுபடி பேசுனேன்.

இத ஏன் இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா அந்த ராத்திரி நான் பண்ணுனது அத்தனையும் தப்பு. நெஞ்சுல இப்படிக் கனம் வந்து சில நிமிஷத்துல போகலன்னா, இல்ல அதோட தாடை இழுப்போ வேர்வையோ சேந்து வந்தா 108-க்கு போன் பண்ணணும், ஓமத்தண்ணி குடிக்குற நேரம் இல்ல அது. எனக்கு மாரடைப்பா இல்லாம போனது என் அதிர்ஷ்டம்.

மறுநாள் மத்தியானந்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அதுவும் லோடு ஏத்திவிட்டுட்டு. இ.சி.ஜி நார்மல். ரத்தத்துல டிரோப்போனின்னு ஒண்ணு பாத்தாங்க, இதயத் தசை செத்துருந்தா அது ஏறும், எனக்கு ஏறல. எக்கோ நார்மல். டிரெட்மில்லுல நடக்கவிட்டப்ப இ.சி.ஜி கோடு லேசா கீழ எறங்குதுன்னு சொல்லி மதுரைக்கு அனுப்பி வச்சாங்க, அங்க மணிக்கட்டு வழியா ஆஞ்சியோ பண்ணுனாங்க, அதாவது சாயத்த விட்டு இதயத்து ரத்தக் குழாய எக்ஸ்ரேல பாக்குறது. டேபிள்ல படுத்துக்கிட்டே ஸ்க்ரீனப் பாத்தேன், கருவேல மரத்துக் கெளை மாதிரி கறுப்பா ஓடுது. சும்மா லேசா கொழுப்புப் படிவு இருக்கு, அடைப்புன்னு சொல்ற அளவுக்கு எங்கயும் இல்ல, குழாய விரிச்சு வைக்குற ஸ்டென்ட் எதுவும் வேண்டாம், டென்ஷனக் கொறைங்கம்மா, வயசாகுதுல்லன்னு சொல்லிட்டு டாக்டர் அடுத்த பேஷன்டுக்குப் போயிட்டாரு. கேஸுக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை.

வீடே நிம்மதியாயிருச்சு, நானுந்தான். ஆனா வலி போகல. வாரத்துக்கு ரெண்டு தடவ, மூணு தடவ. அதுவும் வெசித்திரமா வரும், ரெண்டாவது மாடில இருக்குற எங்க ஆபீசுக்கு தெனமும் படி ஏறுறேன், அப்ப பெருசா ஒண்ணும் வராது, ஏறி வந்து சேர்ல உக்காந்து பார்ட்டிகிட்ட பேமென்ட் கேட்டு வாக்குவாதம் பண்ணிக்கிட்டு இருப்பேன், அப்ப வரும். அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி, செத்துப் போன எங்க அப்பாவக் கூப்புடுன்னு அழுவாங்க, அவங்கள சமாதானம் பண்ணிப் படுக்க வச்சிட்டு வந்து படுத்தப்பறம் வரும். மார்கழில விடியக்காலம் பச்சத்தண்ணில தலைக்கு ஊத்துனா வரும்.

இதச் சொன்னா யாரு நம்புவா. என் தம்பி போன்ல, "அக்கா, ஆஞ்சியோவே பண்ணி ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு, நீயா மனசுல ஏத்திக்கிற"ன்னான். அம்மாவப் பாத்துக்க முடியலங்குறத இப்படிச் சொல்றேன்னு அவன் நெனச்சான்னு எனக்குத் தெரியும். கொஞ்ச நாள்ல நானே எனக்கு மனசுதான் சரியில்ல போலன்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன், அதான் இதுல ரொம்பக் கொடுமை.

என் மக பி.ஃபார்ம் முடிச்சிட்டு கோயமுத்தூர்ல வேலை பாக்குறா. பொங்கலுக்கு வந்தவ என் ரிப்போர்ட்டெல்லாம் பரப்பி வச்சுப் பாத்துட்டு, "அம்மா, ஆஞ்சியோல தெரியுறது பெரிய குழாய் மட்டுந்தான், அரை மில்லிமீட்டருக்குக் கீழ இருக்குற சின்னக் குழாயெல்லாம் அதுல தெரியவே தெரியாது, இதயத்துக்குள்ள பெரும்பாலும் அந்தச் சின்னதுங்கதான்"னு சொன்னா. அப்பறம் இன்னொண்ணு சொன்னா, அதுதான் எனக்குக் கண்ணத் தொறந்துவிட்டுச்சு. ஆஞ்சியோ குழாயோட உருவத்தக் காட்டும், அது வேலை செய்யுதா இல்லையான்னு காட்டாது.

இதப் புரிஞ்சுக்க எனக்கு எங்க பிரஸ்ஸுதான் உதவுச்சு. ஆஃப்செட் மெஷின்ல மை ஓட்டுற ரப்பர் ரோலர் இருக்குல்ல, புதுசுல கை வச்சு அமுக்குனா மெத்து மெத்துன்னு குடுக்கும், மைய எல்லா எடத்துக்கும் சமமா பரப்பும். நாலஞ்சு வருஷம் ஓடுன ரோலர எடுத்துப் பாருங்க, வெட்டு இருக்காது, கீறல் இருக்காது, பாக்க பளபளன்னு இருக்கும், ஆனா அந்தப் பளபளப்புதான் நோயே, மேல்தோல் கண்ணாடி மாதிரி இறுகிப் போயிருக்கும், அமுக்குனா குடுக்காது, மைய வாங்காது, அச்சுல திட்டுத் திட்டா விழும். மெஷின் மேன் கண்ண மூடிக்கிட்டு தடவியே சொல்லிருவாரு, "இது செத்த ரோலர்"னு. கண்ணால பாத்தா மொதலாளி நம்ப மாட்டாரு.

ரத்தக் குழாயும் அப்படித்தானாம். அது வெறும் பி.வி.சி பைப்பு இல்ல, உயிருள்ள சாமான். உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு மெல்லிசுத் தோல் ஒட்டியிருக்கு, என்டோதீலியம்னு பேரு. இதயத்துக்கு ரத்தம் ஜாஸ்தி வேணும்னா அந்தத் தோலுதான் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவச் சொரந்து, சுத்தியிருக்குற தசைய "கொஞ்சம் தளருப்பா"ன்னு சொல்லி குழாய விரிய வைக்குது. அது கெட்டுப் போச்சுன்னா விரிய வேண்டிய நேரத்துல குழாய் விரியாது, சில எடத்துல ஏறுக்குமாறா சுருங்கவே செய்யும்.

இதக் கண்டுபிடிச்ச கதைய என் மக சொன்னப்ப சிரிச்சேன், ஏன்னா அதுவும் ஒரு ப்ரூஃப் மிஸ்டேக் மாதிரிதான் ஆரம்பிச்சிருக்கு. நியூயார்க்குல ராபர்ட் ஃபர்ச்காட்னு ஒருத்தர், முயலோட பெரிய தமனிய வளையமா வெட்டி வச்சு எந்த மருந்துக்குச் சுருங்குது எதுக்கு விரியுதுன்னு வருஷக்கணக்கா பாத்துக்கிட்டு இருந்தவரு. அசிட்டைல்கோலின்னு ஒரு பொருள விட்டா குழாய் சுருங்கும், இல்ல ஒண்ணுமே ஆகாது, அதுதான் வழக்கம். 1978-ல அவரோட லேப் ஆளு, சோதனைய இவரு சொன்ன வரிசைல செய்யாம மாத்திச் செஞ்சுட்டாரு, குழாய் சுருங்குறதுக்குப் பதிலா விரிஞ்சிருச்சு. ஏன்னு தோண்டிப் பாத்தா, அதுவரைக்கும் குழாய அறுத்துத் தயார் பண்ணையில தெரியாமலே அந்த உள்தோல தேய்ச்சு எடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க, தோலு இருந்தா விரியுது, தோலு போனா விரியல. 1980-ல அத எழுதி வெளியிட்டாரு, 1998-ல அவரு, இக்னாரோ, முராட் மூணு பேருக்கும் சேத்து நோபல் பரிசு. இன்னைக்கும் அதே அசிட்டைல்கோலின இதயக் குழாய்க்குள்ள கொஞ்சமா விட்டுத்தான் உள்தோல் ஒழுங்கா இருக்கான்னு பாக்குறாங்க. ஆனா எல்லா ஊர்லயும் பண்ண மாட்டாங்க, எனக்கும் பண்ணல.

டென்ஷன் எங்க வருதுன்னா, 1991-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணிருக்காங்க, ஆஞ்சியோ டேபிள்ல படுக்க வச்சே மனக்கணக்குப் போடச் சொல்லி அவசரப்படுத்திருக்காங்க. உள்தோல் நல்லா இருந்த குழாயெல்லாம் அப்படியே இருந்துச்சு, இல்ல விரிஞ்சுச்சு. ஏற்கெனவே படிவு விழுந்த எடமெல்லாம் சுருங்கிருச்சு. வெறும் கணக்குக்கு! நான் தெனமும் 40 பார்ட்டிக்குப் பாக்கி கணக்குப் பாக்குறவ. 2004-ல இன்டர்ஹார்ட்னு 52 நாடுகள்ல பண்ணுன ஆய்வுலயும், மாரடைப்புக்கான காரணங்கள்ல சிகரெட், சுகர், பி.பி, கொழுப்பு வரிசையோட மன அழுத்தமும் ஒண்ணா உக்காந்துருக்கு. "டென்ஷன்தாம்மா"ன்னு டாக்டர் சொன்னது தப்பில்ல, டென்ஷன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டதுதான் தப்பு, அவரும் பண்ணுனாரு, நாங்களும் பண்ணுனோம்.

அடுத்து வயசு. இதுல எனக்குத் தெரியாம இருந்தது ரொம்ப. வயசாக ஆக குழாய்ச் சுவர்ல ரப்பர் மாதிரி இழுபடுற நாரு அறுந்துக்கிட்டே வருது, அந்த எடத்துல விறைப்பான நாரு வந்து உக்காருது. அதனாலதான் வயசானவங்களுக்கு மேல் பி.பி ஏறும், கீழ் பி.பி அப்படியே இருக்கும் இல்ல எறங்கும். என்னோடது அப்ப 158-க்கு 74. கீழது நல்லா இருக்குல்லன்னு சந்தோஷப்பட்டேன், ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விரியுறதே குழாய் இறுகுதுங்குறதுக்கு அடையாளம்னு யாரும் சொல்லல. உள்தோல் சொரக்குற நைட்ரிக் ஆக்சைடும் வயசோட கொறையுது. பொம்பளைங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இருக்குறவரைக்கும் அது கொஞ்சம் முட்டுக்குடுக்கும், மாதவிடாய் நின்னப்பறம் அந்த முட்டும் போயிரும். எனக்கு 49-ல நின்னுச்சு. அதனாலதான் அடைப்பு இல்லாம நெஞ்சுவலி வர்றவங்கள்ல எங்கள மாதிரி ஆளுங்க ஜாஸ்தி, ரொம்பப் பேரு கேஸ் மாத்திரையோட காலத்த ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

இன்னொரு விஷயம், நான் கேட்டதுலயே எனக்கு ரொம்பப் புடிச்சது. இதயம் ஒடம்பு பூரா ரத்தத்த அனுப்புது, அதுக்குச் சாப்பாடு எப்ப? அது சுருங்கி அடிக்கையில அதோட குழாயெல்லாம் தசைக்குள்ள நசுங்கிக் கெடக்கும், அதனால பெரும்பகுதி ரத்தம் அதுக்குப் போறது ரெண்டு துடிப்புக்கு நடுவுல அது ஓய்வா இருக்குற நேரத்துல. நிமிஷத்துக்கு 60 துடிச்சா ஒரு துடிப்புக்கு 1 செகண்டு, அதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு ஓய்வு. கோவத்துல 120 துடிச்சா ஒரு துடிப்புக்கு அரை செகண்டு, அதுல வெட்டு விழுறது பெரும்பாலும் அந்த ஓய்வுக்குத்தான். வேலை ரெட்டிப்பு, சாப்பாட்டு நேரம் கட். சீசன்ல எங்க பிரஸ் ஆளுங்க நெலமை அதேதான்னு வைங்க.

இதெல்லாம் தெரிஞ்சும் தெரியாமயும் மாசி மாசம் ரெண்டாவதா ஒரு டாக்டரப் பாத்தேன். போறதுக்கு முன்னாடி என் மக ஒரு வேலை சொன்னா, ஒரு மாசத்துக்கு நோட்டு எழுதச் சொன்னா. இதுதான் எல்லாத்தவிட உபயோகமா இருந்துச்சு, அதனால அழுத்திச் சொல்றேன். பழைய டெய்லி காலண்டர் கட்டு ஒண்ண எடுத்து தேதித் தாளுக்குப் பின்னாடியே எழுதுனேன்: எத்தன மணி, என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன், அதுக்கு முந்தி அரை மணி நேரம் என்ன நடந்துச்சு, எங்க வலி, எவ்ளோ நேரம், எதனால கொறஞ்சுச்சு, முந்துன ராத்திரி எத்தன மணி நேரம் தூங்குனேன். மொத்தம் 11 தடவ வலி. 11-ல எட்டு, மூணு நாலு மணி நேரந்தான் தூங்குன ராத்திரிக்கு மறுநாள். எனக்கே அது தெரியாது, எழுதிப் பாத்தப்பறந்தான் தெரிஞ்சுச்சு.

டாக்டர் அந்தத் தாள்களப் பொறுமையா ஒண்ணொண்ணா திருப்பிப் பாத்தாரு. "படி ஏறும்போது வராம, ஏறி முடிச்சு டென்ஷன் ஆனப்பறம் வருதா?" "பச்சத்தண்ணில குளிச்சா வருதா?" "ஒரு தடவ வந்தா எவ்ளோ நேரம் நிக்குது?" ஒவ்வொண்ணா கேட்டுட்டு, "அடைப்பு இல்லன்னா நெஞ்சுவலியே இல்லன்னு அர்த்தம் இல்லம்மா, உங்களுக்குச் சின்னக் குழாயும் சரியா விரியல, நடுநடுவுல சுருக்கமும் வருதுன்னு நெனைக்கிறேன்"னாரு. நான் அங்கயே அழுதுட்டேன், நோய் இருக்குன்னு சொன்னதுக்கு சந்தோஷத்துல அழுத மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

மருந்த அவரு மாத்துனாரு. குழாய் தளர்றதுக்கு ஒரு பி.பி மாத்திரை, படிவு ஏறாம இருக்க ஸ்டாட்டின், பழையது ஒண்ண நிறுத்துனாரு, துடிப்பக் கொறைக்குற சில மாத்திரை சுருக்கம் வர்ற ஆளுங்களுக்கு ஒத்துக்காதாம். பேரெல்லாம் நான் எழுதல, ஏன்னா என் மாத்திரை ஒங்களுக்கு ஆகாது, அவங்கவங்க டாக்டருதான் சொல்லணும். அவசரத்துக்கு நாக்குக்கடியில வைக்க சார்பிட்ரேட் குடுத்தாரு.

அது என்னன்னு பாத்தா நைட்ரேட், டைனமைட்டுல போடுற நைட்ரோகிளிசரின் சாதி. டைனமைட்டு செஞ்ச ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்துல நெஞ்சுவலிக்கு டாக்டருங்க நைட்ரோகிளிசரினத்தான் எழுதிக் குடுத்தாங்க, என்ன விதி பாருங்கன்னு அவரே வேடிக்கையா லெட்டர் எழுதிருக்காரு. ஒடம்புக்குள்ள போயி அதுவும் நைட்ரிக் ஆக்சைடாத்தான் வேலை செய்யுது, நம்ம உள்தோல் செய்ய வேண்டியத வெளியிலேருந்து செய்யுது. பட்டாசு ஊர்க்காரி நாக்குக்கடியில வெடிமருந்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி!

அத வைக்குறப்ப ஒண்ணு மறக்காதீங்க, உக்காந்துக்கிட்டுத்தான் வைக்கணும். மொத தடவ நான் கிச்சன்ல நின்னுக்கிட்டே வச்சேன், பி.பி தடால்னு எறங்கி கண்ணு இருட்டிருச்சு, சிங்க்கப் புடிச்சுக்கிட்டு நின்னதால விழல. மண்டை இடிக்கும், பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்யுது அவ்ளோதான். வயாக்ரா மாதிரி மாத்திரை எடுக்குற ஆம்பளைங்க வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லிருங்க, ரெண்டும் சேந்தா பி.பி உயிருக்கு ஆபத்தா எறங்கிரும். வச்சு அஞ்சு நிமிஷத்துல வலி கொறையலன்னா, இல்ல கூடுனா, 108. போன மாசம் ஆஞ்சியோ நார்மல்னு வந்துருந்தாலும் 108தான்.

மருந்து பாதிதான். மீதிப் பாதிய நானாத்தான் தேடிக்கிட்டேன், அதுல சிலது பலிச்சுச்சு சிலது இல்ல.

நடை பலிச்சுச்சு. மொதல்ல அரை மணி நேரம் வீராப்பா நடந்து நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வந்தேன், அப்பறம் டாக்டர் சொன்ன மாதிரி 10 நிமிஷத்துலேருந்து ஆரம்பிச்சேன், மொத அஞ்சு நிமிஷம் கோயிலச் சுத்துற மாதிரி மெதுவா, அப்பறம் பஸ்ஸப் புடிக்கப் போற மாதிரி. சாப்ட்டவொடனே இல்ல, விடியக்காலப் பனில இல்ல. 2000-ல வந்த ஒரு ஆய்வுல, உக்காந்தே கெடந்த நடுவயசு ஆம்பளைங்கள 3 மாசம் நடக்கவிட்டுப் பாத்தா கைக்குழாயோட விரியுற தெறன் எளவட்டங்க அளவுக்குத் திரும்பிருச்சாம். அதுல ஆம்பளைங்க மட்டுந்தான், அப்பறம் வந்த ஆய்வுகள்ல மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு அந்த அளவுக்குப் பலன் தெளிவா வரல, எல்லா எடத்துலயும் இதே கதைதான். இருந்தாலும் எனக்கு நாலாவது மாசத்துலேருந்து வலி வாரத்துக்கு ஒண்ணா கொறஞ்சுச்சு, அதுல நடைக்கு எவ்ளோ பங்கு மாத்திரைக்கு எவ்ளோ பங்குன்னு பிரிக்கத் தெரியாது.

யோகா கிளாஸ் பலிக்கல. ஆறு பேரு முன்னாடி கண்ண மூடுனா எனக்கு டெலிவரி சலான்தான் தெரியும். ஆனா மூச்ச மெதுவா விடுறது மட்டும் ஒட்டிக்கிச்சு, நாலு எண்ணுறவரைக்கும் இழுத்து ஆறு எண்ணுறவரைக்கும் விடுறது. பார்ட்டி போன்ல கத்தும்போது நான் பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இருப்பேன், அவங்க நான் கவனமா கேக்குறேன்னு நெனச்சுக்குவாங்க.

பி.பி வீட்டுலயே பாக்குறேன், அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்து, கால் தரையில ஊனி, கைய மேசைமேல வச்சு, காப்பி குடிச்சு அரை மணி கழிச்சு. அதுக்கு முன்னாடி படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கிட்டே பாத்துட்டு பயந்துக்கிட்டு இருந்தேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு கொறைச்சேன். வாரா வாரம் விருதுநகர் எண்ணெய் பரோட்டா, அது இப்ப மாசத்துக்கு ஒண்ணு, சுத்தமா நிறுத்துனேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

ரொம்பக் கஷ்டம் எதுன்னா தூக்கமும் அம்மாவும், ரெண்டும் ஒண்ணுதான். வேலைய விட்டுருன்னு சொல்றவங்களுக்கு மாசம் பொறந்தா யாரு குடுப்பா. அம்மாவ எங்க விட. நான் அந்தக் காலண்டர் தாள்கள போட்டோ எடுத்து தம்பிக்கு அனுப்புனேன், ஒரு வார்த்தை எழுதல, தாள் மட்டும். ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் வந்தான், அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து, "என்னக்கா, எட்டு தடவ அம்மா ராத்திரி எழுப்புன மறுநாளா"ன்னான். அதுக்கப்பறம் ராத்திரி பாத்துக்க ஒரு ஆயாம்மா வச்சோம், பாதிக் காசு அவன். ஞாயித்துக்கிழமை அவனே வந்து இருந்துக்குறான். ஆபீஸ்ல மொதலாளிகிட்ட சொல்லி ராத்திரி எட்டு மணிக்கு மேல போன் வேண்டாம்னுட்டேன், பிரஸ் இடிஞ்சு விழல, மறுநாள் காலைலயும் அதே பிரச்சனை அதே எடத்துலதான் உக்காந்துருக்கு. ப்ரூஃப் இப்ப ரெண்டு பேரு பாக்குறோம், நான் ஒண்ணு, அந்த பைண்டிங் பையன் ஒண்ணு, அவனுக்குத்தான் கண்ணு கூர்மை.

கொறஞ்சுருக்கு, போகல. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வருது. டாக்டரும் அதத்தான் சொன்னாரு, இத வச்சுக்கிட்டு வாழலாம், ஆனா புதுசா எதாவது மாதிரி வந்தா, டென்ஷன் எதுவும் இல்லாம சும்மா உக்காந்துருக்கையில வந்தா, வழக்கத்தவிட நேரம் கூடுனா, பழகுன வலிதானேன்னு இருந்துறாதீங்கன்னு.

கடைசியா எழுதுன தாள் போன ஞாயித்துக்கிழமையோடது. "தம்பி வரல, சம்பந்தி வீட்டு விசேஷமாம், காலைலதான் சொன்னான். ராத்திரி அஞ்சு மணி நேரம் தூக்கம். 11.40-க்கு வலி, மூணு நிமிஷம், தாடைல இல்ல. உக்காந்து மூச்ச எண்ணுனேன், சார்பிட்ரேட் வைக்கல."